ரத்தத்துலயே இருக்காம்ல!

ரொம்ப நாளா தொண்டையில சிக்கின முள்ளு மாதிரி ஒரு விஷயம். எழுதினா பாதி நண்பர்கள் கோவிச்சுக்குவாங்க, எழுதலைன்னா எனக்கு சோறு இறங்காது. கோவிச்சுக்கிட்டா சமாதானப்படுத்திக்கலாம்னு உட்கார்ந்துட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கதை முடிவு, நடுவுல வர்ற திருப்பம் எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், ஹாரி பாட்டர், ட்யூன், எர்த்ஸீ, நம்ம பொன்னியின் செல்வன் உட்பட. இதுல எதையாவது இனிமேதான் படிக்கணும்னு எடுத்து வச்சிருக்கறவங்க இப்பவே அப்பீட்டு ஆயிடுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2024ல ட்யூன் படத்தோட ரெண்டாம் பாகம் வந்துச்சில்ல, தியேட்டர்ல போய்ப் பார்த்தேன். பால் அட்ரெய்டிஸ், ஃப்ரெமன் தலைவர்கள் அத்தனை பேருக்கும் நடுவுல நின்னு, நீங்க காத்துக்கிட்டு இருந்த ஆளு நான்தான்னு முழங்கற சீன். பக்கத்து சீட்டு தம்பி விசில் அடிச்சார். அது பரவாயில்ல, நானும் அந்த வயசுல அடிச்சவன்தான். படம் முடிஞ்சு டீக்கடையில நிக்கும்போது கூட வந்த நண்பர், இருபது வருஷமா அறிவியல் புனைகதையா படிச்சுத் தள்றவர், சொன்னார் பாருங்க: "என்ன இருந்தாலும் ரத்தம்னு ஒண்ணு இருக்குங்க. அது எங்க போனாலும் பேசும்."

டீ கசந்துடுச்சு. அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. இப்ப சொல்றேன்.

நாம விழுந்து விழுந்து படிக்கற மாயாஜால நாவல்களும் அறிவியல் நாவல்களும் எதை வேணும்னாலும் கற்பனை பண்ணும். பேசற டிராகன், நூறு கிரகத்தை ஆள்ற பேரரசு, வீட்டை விட பெரிய மணல் புழு. ஆனா "அப்பா யாருன்னே முக்கியமில்லாத ஒருத்தன் பெரிய ஆளா வர்றான்"ங்கற சாதாரண விஷயத்தைக் கற்பனை பண்ணச் சொன்னா மட்டும் கை நடுங்குது. கடைசி அத்தியாயத்துக்குள்ள அவனுக்கு ஒரு ராஜா அப்பனைக் கண்டுபிடிச்சு குடுத்தாதான் நிம்மதி. இதைப் படிச்சு கைதட்டறது யாரு? நாமதான். அந்தக் கதைக்குள்ள போய் பொறந்தா கோட்டைச் சுவருக்கு கல்லு சுமக்கப் போற கூட்டம்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து "ராஜ ரத்தம் வாழ்க"ன்னு கத்திக்கிட்டு இருக்கோம்.

முதல்ல பெரியவர்கிட்ட இருந்தே ஆரம்பிப்போம். டோல்கீன். 1954, 55ல மூணு புத்தகமா வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். நான் நாலு தடவை படிச்சவன், அதனால ரசிகர்கள் ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி முழுசா கேட்டுட்டு அனுப்புங்க.

கோண்டார்னு ஒரு நாடு. ராஜ வம்சம் அத்துப் போச்சு. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் அதை ஆண்டது காரியஸ்தர் வம்சம். எதிரி வாசல்ல நின்னப்ப காவல் காத்தவங்க, செத்தவங்க எல்லாம் இவங்கதான். இந்த வீட்டுப் பையன் போரோமிர் சின்ன வயசுல அப்பாகிட்ட கேக்கறான், இன்னும் எத்தனை நூறு வருஷம் ஆண்டா நாம ராஜா ஆகலாம்னு. மத்த ஊர்ல கொஞ்ச வருஷம் போதும், இங்க பத்தாயிரம் வருஷம் ஆனாலும் ஆக முடியாதுங்கறார் அப்பா. அவர் அதைப் பெருமையா சொல்றார். அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. ஆயிரம் வருஷ உழைப்பு ஒரு பக்கம், காட்டுல சுத்திக்கிட்டு இருந்த வாரிசு ஒரு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாயணும்ங்கறதுல அந்தக் கதையில யாருக்கும் பெரிய சந்தேகமே வர்றதில்ல.

இன்னொரு இடம். கண்டால்ஃப், நம்ம எல்லாருக்கும் பிடிச்ச தாத்தா, சொல்றார்: பழைய மேற்கு ரத்தம் அந்தக் காரியஸ்தர்கிட்டயும் சின்னப் பையன் ஃபராமிர்கிட்டயும் கிட்டத்தட்ட சுத்தமா ஓடுதாம். போரோமிருக்கு மட்டும் அப்படி வாய்க்கலையாம். ஒரே அப்பா, ஒரே அம்மா, ரெண்டு பையன். ஒருத்தன் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு தடுமாறினான், இன்னொருத்தன் தடுமாறலை. காரணம் என்னன்னு கேட்டா குணம் இல்ல, வளர்ப்பு இல்ல, அப்பன் காட்டின ஓரவஞ்சனை இல்ல. ரத்தம்! அந்தப் போரோமிர்தான் ரெண்டு குட்டி ஹாபிட்டுகளைக் காப்பாத்தறதுக்காக உடம்பு முழுக்க அம்பு வாங்கி மரத்தடியில செத்தவன். அந்தச் சாவு எந்த ரத்தத்துல இருந்து வந்துச்சாம்?

ஆனா டோல்கீனை முழுசா குத்தம் சொல்லவும் மனசு வரல. ஏன்னா அதே புத்தகத்துல சாம் இருக்கான். தோட்டக்காரன் பையன். மோதிரத்தைச் சுமந்தவனையே தூக்கிச் சுமந்தவன். போர்ல செத்துக் கிடக்கற எதிரி நாட்டு வீரன் ஒருத்தனைப் பாத்து, இவன் பேரு என்னவோ, நிஜமாவே கெட்டவனா, இல்ல யாரோ பொய் சொல்லி மிரட்டி கூட்டியாந்தாங்களான்னு யோசிக்கறவன் அவன். அவ்வளவு பெரிய கதையில எதிரியைப் பத்தி அப்படி ஒரு கேள்வி ஒரு தோட்டக்காரன் மண்டையிலதான் உதிக்குது. சினிமா எடுத்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? இரண்டாம் பாகத்தோட நீளமான பதிப்புல அந்த வார்த்தையைப் பிடுங்கி ஃபராமிர் வாயில வச்சுட்டாங்க. தோட்டக்காரனுக்கு எதுக்கு தத்துவம், பிரபு வீட்டுப் பையன் பேசினா நல்லா இருக்கும்னு! டோல்கீன் குடுத்ததைக் கூட நாம வாங்கிக்க மாட்டேங்கறோம். என் புகார்ல பாதி இதுதான்.

அடுத்து ஹாரி பாட்டர். "இதுல நீ வாயைத் திறக்க முடியாது, ரத்தச் சுத்தம் பேசறவங்கதான் இதுல வில்லன்களே"ன்னு வருவீங்க. வாங்க. உண்மைதான். 1997ல இருந்து 2007 வரைக்கும் வந்த ஏழு புத்தகத்துலயும் ரௌலிங் திரும்பத் திரும்ப அடிக்கறது சுத்த ரத்தம் பேசறவங்களைத்தான். ஹெர்மயனியோட அப்பா அம்மா பல் டாக்டருங்க, மந்திரத்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அவதான் வகுப்புல முதல். எனக்கும் சந்தோஷம்.

ஆனா பள்ளிக்கூடத்துல வாளியும் துடைப்பமுமா திரியற ஃபில்ச்சை ஞாபகம் இருக்கா? மந்திரக்காரங்க வீட்டுல மந்திரம் வராம பொறந்தவர். ரெண்டாவது புத்தகத்துல அவர் ரூம்ல ஹாரி ஒரு உறையைப் பாக்கறான். தபால் வழியா மந்திரம் கத்துக்கற பாடம். அந்த மனுஷன் அந்த வயசுல யாருக்கும் தெரியாம படிக்க முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கார். அதை ஹாரி போய்ச் சொன்னதும் ரான் சிரிப்பை அடக்க முடியாம விளக்கம் சொல்றான். நாமளும் சிரிச்சோம். மாணவர்களைப் பிடிச்சுக் குடுக்கற சிடுமூஞ்சிங்கறதால பரிதாபமே வரல. அந்த மனுஷன் ஏன் சிடுமூஞ்சி ஆனார்னு யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சோமா? ஆயிரம் பசங்க தினமும் கண்ணு முன்னாடி கத்துக்கற ஒண்ணு, எவ்வளவு படிச்சாலும் தனக்கு மட்டும் வரவே வராதுன்னு பொறக்கும்போதே எழுதி வச்ச ஒரு உலகத்துல, அதே பள்ளிக்கூடத்து நடையைக் கூட்டிப் பெருக்கற வேலை. வில்லன்கள் "உன் அப்பன் யாரு"ன்னு கேக்கறாங்க. நல்லவங்க "உனக்கு வருமா வராதா"ன்னு கேக்கறாங்க. ரெண்டுக்கும் பதில் பொறப்புலதான் இருக்கு.

வீட்டு வேலை செய்யற எல்ஃபுகளுக்காக ஹெர்மயனி ஒரு சங்கம் ஆரம்பிக்கறா. நாலாவது புத்தகம். அதைக் கூட இருக்கற ரெண்டு பேருமே கிண்டல் அடிக்கறாங்க. படத்துல அந்தச் சங்கமே கிடையாது, தூக்கிட்டாங்க. ஏழாவது புத்தகத்துல கடைசிப் போர் முடிஞ்சு, எல்ஃபுகளும் கத்தியெடுத்து சண்டை போட்டு முடிச்சப்புறம், ஹாரி களைச்சுப் போய், க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டாந்து குடுப்பானான்னு யோசிக்கறான். உலகத்தைக் காப்பாத்தியாச்சு தம்பி, எழுந்து போய் நீயே எடுத்துக்கக் கூடாதா?

இங்கயும் ஒரு நல்ல விஷயம் இருக்கு, அதை மறைச்சா நான் அயோக்கியன். அந்த தீர்க்கதரிசனம் ஹாரிக்கு மட்டும் பொருந்தினது இல்ல. அதே ஜூலை கடைசியில பொறந்த நெவிலுக்கும் பொருந்தும். வோல்டெமோர்ட் ஹாரியைத் தேர்ந்தெடுத்து அடிக்கப் போனதாலதான் அது ஹாரி கதை ஆச்சு. அதாவது பொறப்பு உன்னை நாயகன் ஆக்கறதில்ல, உன் எதிரியோட பயம்தான் ஆக்குது! எவ்வளவு அருமையான விஷயம். ஆனா "தேர்ந்தெடுக்கப்பட்டவன்"னு போஸ்டர் ஒட்டத்தான் நமக்குத் தெரியுது.

"இதெல்லாம் மந்திர தந்திரக் கதைங்க, நாங்க விஞ்ஞானக் கட்சி"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கறவங்களுக்காகத்தான் ட்யூன். டீக்கடை நண்பருக்கு ஸ்பெஷல்.

1965ல ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதினது. இதுல ரத்தம் நிஜமாவே விஞ்ஞானம். பெனே ஜெஸரிட்னு ஒரு பெண்கள் சபை, தலைமுறை தலைமுறையா யாரு யாரைக் கட்டணும், யாருக்கு ஆணு பொறக்கணும் பொண்ணு பொறக்கணும்னு முடிவு பண்ணி ஒரு மகா புருஷனை உற்பத்தி பண்ணப் பாக்குது. மாட்டுப் பண்ணையில பண்ற வேலைதான். பால் அதோட விளைச்சல், கொஞ்சம் கணக்கு தப்பி வந்த விளைச்சல். அவன் அரகிஸ் பாலைவனத்துக்குப் போனதும் அங்க இருக்கற ஜனங்க அவனை ரட்சகன்னு நம்பறாங்களே, அது எப்படி? அதே சபை முன்கூட்டியே ஆளை அனுப்பி அந்த நம்பிக்கையை விதைச்சு வச்சிருக்கு. தேவைப்படும்போது அறுவடை பண்ணிக்கலாம்னு. நண்பர் "ரத்தம் பேசுது"ன்னாரே, அங்க பேசினது ரத்தம் இல்லைங்க, விளம்பர இலாகா.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கதை அதே புத்தகத்துக்குள்ள ஓடுது. அதை யாரும் பேசறதே இல்ல. கைன்ஸ்னு அப்பா பையன் ரெண்டு பேரு, கிரகத்தோட மண்ணு தண்ணி செடி கொடியை ஆராயறவங்க. அப்பாக்காரர் ஃப்ரெமன் ஜனங்ககிட்ட கணக்குப் போட்டுச் சொல்றார், இந்தப் பாலைவனத்தைப் பச்சையாக்கலாம், ஆனா 300ல இருந்து 500 வருஷம் ஆகும்னு. அந்த ஜனங்க என்ன சொல்லியிருக்கணும்? போய்யா நீயும் உன் ஐநூறு வருஷமும்னு விரட்டியிருக்கணும். அவங்க சரின்னுட்டாங்க. மூச்சுல வர்ற ஈரத்தையும் விடாம சேத்து, பூமிக்கடியில குளம் குளமா தேக்கி வச்சு, தாகத்துல செத்தாலும் அதுல கை வைக்காம, மணல் மேட்டுல புல்லு நட ஆரம்பிச்சாங்க. தன் பேரன் பேத்தி கூட பாக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சே ஒரு மரத்துக்காகத் தண்ணி சேத்து வைக்கற ஜனம். இதை விடப் பெரிய வீரம் எந்த நாவல்ல இருக்கு சொல்லுங்க?

பையன் கைன்ஸை எதிரிங்க தண்ணியில்லாம பாலைவனத்துல விட்டுட்டுப் போறாங்க. சாகற நேரத்துல அவருக்கு அப்பா குரல் கேக்குது: உன் ஜனங்களுக்கு வரக்கூடிய பேராபத்து ஒரு மகா வீரன் கையில மாட்டறதுதான்னு. முதல் புத்தகத்துலயே, பச்சையா எழுதி வச்சிருக்கார் ஹெர்பர்ட். இதுக்கு மேல என்ன பண்ணுவார் மனுஷன், அட்டையிலயா போடுவார்? 1969ல ரெண்டாவது நாவல் எழுதினார். பாலோட பேரைச் சொல்லி நடந்த புனிதப் போர்ல செத்தவங்க 6,100 கோடி பேர்னு அவன் வாயாலயே சொல்ல வச்சார். முதல் கதையைத் தொடரா போட்ட பத்திரிகையோட ஆசிரியர் ஜான் காம்ப்பெல் இதைப் போட மாட்டேன்னுட்டார். அவருக்கு ஜெயிக்கற நாயகன்தான் வேணும். வேற பத்திரிகையில வந்துச்சு. காம்ப்பெல் பரம்பரை இன்னைக்கும் தியேட்டர்ல விசில் அடிச்சுக்கிட்டு இருக்கு. :-)

சினிமாக்காரங்க இந்தப் பயத்துலயே பிழைக்கறாங்க. ஸ்டார் வார்ஸ்ல 2017ல ஒரு தடவை தைரியமா சொன்னாங்க, ரேயோட அப்பா அம்மா யாருமில்ல, சாதாரண ஆளுங்கன்னு. பாதி ரசிகர்கள் குய்யோ முறையோ. 2019ல அடுத்த படம் வர்றதுக்குள்ள அவளைப் பேரரசன் வீட்டுப் பேத்தி ஆக்கிட்டாங்க. ரெண்டே வருஷம்!

நம்ம ஊரு மட்டும் என்ன ஒழுங்கா? 1950கள்ல கல்கி எழுதின பொன்னியின் செல்வன்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு சேந்தன் அமுதன். நந்தவனத்துல பூ பறிச்சு, பாட்டு பாடி, யார் வம்புக்கும் போகாம இருந்தவன். அவனைப் பூக்காரனாவே விட்டிருக்கலாம்ல? கடைசியில அவன்தான் நிஜமான சோழ இளவரசன்! அரண்மனையில வளர்ந்தவன் ஊமைத்தாய் பெத்த பிள்ளை, அவன் பொறாமை பிடிச்சவன். பூக்குடலை தூக்கினவன் ராஜ ரத்தம், அவன் உத்தமன். வளர்ப்பு ரெண்டு பேருக்கும் மாறிப் போச்சு, குணம் மட்டும் மாறல. அப்புறம் மச்சத்தைப் பாத்து தம்பியைக் கண்டுபிடிக்கற சினிமா வேற தனியா.

மச்சம்னதும் ஞாபகம் வருது. இந்த வியாதியைப் பாத்து வாய்விட்டு சிரிச்ச ஒருத்தர் டெர்ரி பிராட்செட். 1989ல வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவல். கேரட்னு ஒரு கான்ஸ்டபிள். உடம்புல கிரீடம் மாதிரி மச்சம், கையில பழைய கத்தி, தொலைஞ்சு போன ராஜாவோட வாரிசுக்கு உண்டான எல்லா லட்சணமும் பக்கா. ஆனா கதை அவனைச் சிம்மாசனத்துல ஏத்தறதில்ல. அவன் பாட்டுக்கு ரோந்து போறான். அதே நகரத்துல ராஜா வேணும் ராஜா வேணும்னு அலைஞ்ச கூட்டத்துக்கு ஒரு டிராகனே ராஜாவா வந்து உட்காருது, ஜனங்க கொஞ்ச நாள்ல அதுக்கும் பழகிடறாங்க. ஊரைக் காப்பாத்தின காவலருங்க கடைசியில கேக்கற சன்மானம் என்ன தெரியுமா? கொஞ்சம் சம்பள உயர்வு, ஒரு புது கெட்டில், ஒரு டார்ட் போர்டு. இதைப் படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா.

இன்னொருத்தர் அர்சுலா லெ குவின். 1968லயே ஆடு மேய்க்கற பையனை, கொல்லன் மகனை, செம்பு நிறத் தோல்காரனை மந்திரவாதி ஆக்கினார். ஆனா 1972ல மூணாவது புத்தகத்துல அவரே ஒரு பழைய ராஜ வம்சத்துப் பையனைக் கொண்டாந்து சிம்மாசனத்துக்குத் தயார் பண்ணிட்டார். அங்கயே விட்டுட்டுப் போயிருக்கலாம். போகலை. 1990ல திரும்ப வந்து 'டெஹானு' எழுதினார். சக்தி எல்லாம் இழந்த மந்திரவாதி திரும்ப ஆடு மேய்க்கறான். நாயகி ஒரு விவசாயியோட விதவை. கூட தீயில பாதி உடம்பு கருகின, யாருக்கும் வேண்டாத ஒரு சின்னப் பொண்ணு. அந்த உலகத்துல பாத்திரம் கழுவறது யாரு, குழந்தைக்கு சோறு ஊட்டறது யாருன்னு தானே கட்டின வீட்டைத் தானே திறந்து பாத்தார். தெரியும் தெரியும், கடைசியில அந்தப் பொண்ணுக்கும் ஒரு பிறப்பு ரகசியம் வருது. அவராலயே முழுசா தப்பிக்க முடியல. ஆனா முயற்சி பண்ணினார்ல?

"மன்னர் காலத்துக் கதையில மன்னர் வராம கலெக்டரா வருவார்?"னு கேப்பீங்க. டிராகன் வரலாம், ஓட்டுப் பெட்டி வரக் கூடாதா? டோல்கீனோட ஷையர்லயே மேயரைத் தேர்தல் வச்சுத்தான் எடுக்கறாங்க. நம்ம சாம் ஏழு தடவை ஜெயிச்சிருக்கான். "சும்மா பொழுதுபோக்குக்கு, தப்பிச்சு ஓடறதுக்குப் படிக்கறோம்யா"ன்னு கேப்பீங்க. சரி, எதுல இருந்து தப்பிச்சு எங்க ஓடறீங்க? பொறப்பை வச்சு ஆளை அளக்கற தெருவுல இருந்து ஓடி, பொறப்பை வச்சு ஆளை அளக்கற அரண்மனைக்கா?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு சொல்லிடறேன். ஒன்பதாம் வகுப்புல ஒரு வாத்தியார். கணக்குல நான் தப்பு விட்டப்ப எல்லாம் விட்டுட்டார். ஒரு தடவை நூத்துக்கு தொண்ணூத்தாறு வாங்கினேன், அன்னைக்கு என்னை எழுப்பி நிக்க வச்சு, "யாரைப் பாத்துடா எழுதினே? பஞ்சர் ஒட்டறவன் புள்ளைக்கு கணக்கு எங்கருந்து வரும்? அதெல்லாம் ரத்தத்துல வரணும்"னார். வகுப்பே சிரிச்சுது. பத்து வருஷம் கழிச்சு, அட்டை கிழிஞ்ச ஒரு டோல்கீனை ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். போரோமிரைப் பத்தி கண்டால்ஃப் சொல்ற அந்த வரி வந்துச்சு. புத்தகத்தை மூடி வச்சுட்டேன். ஏன்னா அந்தக் குரல் எனக்குத் தெரிஞ்ச குரல்.

எங்கப்பா சைக்கிள் கடையில ரிம்முக்கு பெண்டு எடுக்கும்போது ஸ்போக்கை விரலால சுண்டுவார். சத்தத்தை வச்சே எது லூஸு, எது டைட்டுன்னு சொல்லுவார். அவங்கப்பா கூலி வேலை பாத்தவர், சைக்கிளே ஓட்டத் தெரியாதவர். அப்பாவுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது வேற ஊரு முதலாளி ஒருத்தர், சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல. பன்னெண்டு வயசுல இருந்து தலையில குட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டது. இதுதான் எனக்குத் தெரிஞ்ச மந்திரம். இதை யாராவது நாவலா எழுதினா முதல் காப்பி நான் வாங்கறேன்.

புத்தகத்தை எல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போடுன்னு சொல்லலை. அஞ்சாவது தடவை நானும் டோல்கீன் படிக்கத்தான் போறேன். அடுத்த தடவை முடிசூட்டு விழா வரும்போது கைதட்டறதுக்கு முன்னாடி, கூட்டத்துல தண்ணிக்குடம் தூக்கிட்டு நிக்கறது யாருன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும்.

திட்டறவங்க வரிசையில வாங்க. டீக்கடை நண்பருக்கு முதல் இடம்.

பி.கு.: பொறப்பு ரகசியம், மச்சம், தீர்க்கதரிசனம் மூணும் இல்லாத நல்ல நாவல் தெரிஞ்சா பேரு சொல்லுங்க மக்களே. பிராட்செட்டை நான் ஏற்கனவே ரெண்டு ரவுண்டு முடிச்சாச்சு.